நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? பாலாற்று வழக்கும் பிள்ளைகளின் செல்பேசியும்

(ஆம்பூரில் ஒரு கல்லூரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட வடிவம்)



இளையோரும் சமூக ஊடக வயது வரம்பும் என்ற பொருளில் பேச அழைத்தீர்கள். நான் சட்டம் கற்பிப்பவள். பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் போன் கொடுக்கலாம் என்பதை மருத்துவர்களும் உளவியலாளர்களும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். வயது வரம்பு ஒன்று வந்தால் அதைக் காக்கும் பொறுப்பு யார் தலையில் விழ வேண்டும் என்பதைத்தான் நான் பேசப்போகிறேன். அந்தக் கேள்விக்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. இந்த மண்ணில் பிறந்த ஒரு வழக்கிலேயே விடை இருக்கிறது.

1. பாலாறு தந்த சட்டம்

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து வெளியேறும் கழிவு பாலாற்றிலும் ஏரியிலும் வயலிலும் கலக்கிறது, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை என்பது முறையீடு. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் மண்டலத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழ்பட்டுவிட்டது என்ற ஆய்வுச் செய்தி அந்தத் தீர்ப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் தேற முடியாது.

அது மூன்று கோட்பாடுகளை நாட்டின் சட்டமாகவே ஏற்றது. கேடு வரும் என்று தெரிந்தால், அறிவியல் முழு உறுதி சொல்லும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது ஒன்று. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். தன் தொழில் கேடற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சேரும். கிணற்று நீர் கெட்டுப்போனதற்குக் குடியானவர் ஆய்வகச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

ஆலைகளை ஒரேயடியாக மூடிவிடுங்கள் என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. இந்தத் தொழிலை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, நாட்டுக்கு எவ்வளவு அந்நியச் செலாவணி வருகிறது என்பதையெல்லாம் அது எடைபோட்டது. சுத்திகரிப்பு நிலையம் அமை, அதன் பிறகு தொழிலை நடத்து என்றது.

சமூக ஊடகத்தை நான் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறேன். இன்ஸ்டாகிராமும் யூடியூபும் ஸ்னாப்சாட்டும் தொழில் நடத்துகின்றன. நம் பிள்ளைகளின் நேரமும் விவரங்களும் அந்தத் தொழிலின் மூலப்பொருள். அது பிள்ளைகளுக்குக் கேடு செய்யாது என்று காட்ட வேண்டியவர்களும் அவர்களே. இன்றைக்கு நடப்பது தலைகீழ். ஒரு பிள்ளைக்குக் கெடுதல் நேர்ந்தால், அம்மா ஏன் பார்க்கவில்லை என்றுதான் ஊர் முதலில் கேட்கிறது.

2. உலகமும் இந்தியாவும் வரைந்த கோடுகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13 வயது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? குழந்தைகளின் விவரங்களைத் திரட்டுவது பற்றி அமெரிக்கா 1998-இல் இயற்றிய ஒரு சட்டத்திலிருந்து. ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முந்தைய கணக்கு அது. பிள்ளைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்து யாரும் அந்த எண்ணைக் கண்டெடுக்கவில்லை.

ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருக்கத் தடை கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது வயதைவிட, தண்டனை யாருக்கு என்பதுதான். பிள்ளைக்கு அபராதம் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பாலாற்றுத் தீர்ப்பின் மூன்றாம் கோட்பாடு அங்கே வேறு உருவில் நிற்கிறது. மலேசியாவும் 16 வயது வரம்பை 2025 நவம்பரில் அறிவித்தது.

இந்தியாவில் 13 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை கேட்டு வந்த மனுவை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது அரசின் கொள்கை சார்ந்தது, அங்கே போய் முறையிடுங்கள் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவைப் போன்றதொரு சட்டத்தை ஒன்றிய அரசு ஆராய்ந்து பார்க்கலாம் என்றது. அதுவரை குழந்தைகள் உரிமை ஆணையங்கள் விழிப்புணர்வுப் பணியை முடுக்கிவிட வேண்டும் என்றும் சொன்னது.

நம் கையில் இருப்பது 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 9-ஆம் பிரிவின்படி 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதவாக்கில்தான் நடைமுறைக்கு வரும்.

அந்த விதிகளில் ஒப்புதல் பெறும் முறைக்கு எடுத்துக்காட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை நிதானமாகப் படித்தால் ஒரு குறை தெரியும். அங்கே ஒன்று, பிள்ளையே வந்து தான் சிறார் என்று சொல்கிறது. இல்லையென்றால், பெற்றோர் முன்வந்து தான் பெற்றோர் என்று சொல்கிறார். பிள்ளை வயதைக் கூட்டிச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அந்த எடுத்துக்காட்டுகளில் விடை இல்லை. நம் வீடுகளில் நடப்பதோ அதுதான்.

3. கணக்குத் தொடங்கும் அந்த இரண்டு நிமிடம்

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையை எண்ணிக்கொள்ளுங்கள். வயது 12. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் வேலை. விடியற்காலையில் பஸ் ஏறுகிறார், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார். அப்பா லாரியில் போய்விடுகிறார். வீட்டில் ஆயாவும் தம்பியும். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன் ஒன்று இருக்கிறது. இன்றும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. வகுப்பில் எல்லோருக்கும் இன்ஸ்டா ஐடி இருக்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்று அவளுக்குக் குறை.

ஒரு நாள் மாலை அவள் கணக்குத் தொடங்குகிறாள். அம்மாவின் எண்ணைப் போடுகிறாள். ஓடிபி அதே போனுக்கு வருகிறது. பிறந்த தேதி கேட்கும் திரை வருகிறது. தேதி, மாதம், ஆண்டு என்று மூன்று வரிசைகள். உண்மையான ஆண்டைப் போட்டால் சேர்க்காது என்று தோழி முன்பே சொல்லியிருக்கிறாள். ஆண்டின் வரிசையைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளுகிறாள். அது ஓடி 1999-இல் நிற்கிறது. அடுத்து என்பதை அழுத்துகிறாள். எந்தக் கேள்வியும் வரவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த நொடியிலிருந்து நிறுவனத்தின் பதிவேட்டில் அவள் வளர்ந்த பெண். சட்டமும் நிறுவனமும் பிள்ளைகளுக்கென்று போட்டிருக்கும் அரண்கள் எல்லாம் அவளுக்கு இல்லாமல் போகின்றன. இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் பதின்வயதினருக்கான தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. அதில் கணக்கு தானாகவே மறைவாக இருக்கும். தான் பின்தொடராத அந்நியர் செய்தி அனுப்ப முடியாது. ஒரு மணி நேரம் பார்த்தால் போதும் என்று நினைவூட்டும். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்பு வராது. 16 வயதுக்குட்பட்டவர் இந்த அமைப்புகளைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். 1999 என்று போட்ட பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. நாளை ஏதாவது நேர்ந்தால், அவர் வளர்ந்தவர் என்றுதானே எங்களிடம் சொன்னார் என்று நிறுவனம் கைகழுவிக்கொள்ளவும் அந்தப் பொய் ஆண்டு உதவும்.

அந்தப் பிள்ளை கெட்டவள் இல்லை. கூட்டத்தோடு சேர விரும்பும் வயது. யாரும் காக்காத ஒரு வாசலை அவள் கடந்திருக்கிறாள்.

4. வாசலைக் காக்க முடியாது என்பது உண்மையா?

கோடிக்கணக்கானோரின் வயதை எப்படிச் சரிபார்ப்பது என்று நிறுவனங்கள் கேட்கின்றன. தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025-இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. 18 வயது நிறையாதவருக்கு அனுமதி இல்லை, ஆதார் வழியாகச் சரிபார்க்க வேண்டும், நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை ஆடக் கூடாது என்றன அவை. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிறகு ஆகஸ்டில் ஒன்றிய அரசே அத்தகைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. மனம் இருந்தால் சட்டம் வாசலில் ஆள் நிறுத்தும் என்பதற்கு இது சான்று.

சமூக ஊடகத்துக்கும் ஆதாரையே கேட்கலாமா? கூடாது என்பது என் கருத்து. பேச்சுரிமை புழங்கும் இடத்தில் ஒவ்வொருவரும் அடையாள அட்டையை நீட்டிவிட்டு நுழையும் நிலை வந்தால், நிறுவனங்களிடம் நம் விவரங்கள் மேலும் குவியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது இங்கேயும் பொருந்தும். வயது நிறைந்ததா இல்லையா என்ற ஒற்றைத் தகவலை மட்டும், பெயரும் எண்ணும் தராமல் உறுதிசெய்யும் முறைகள் இருக்கின்றன. அதற்கான செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். மாசு செய்தவரே விலையைக் கொடுக்க வேண்டும் என்று பாலாற்றுத் தீர்ப்பு சொன்னதைப் போல.

5. பெண்பிள்ளைகளைப் பற்றி

இந்தப் பகுதியைச் சொல்லத்தான் நான் வந்தேன் என்றுகூடச் சொல்வேன்.

வயது வரம்பு என்ற பேச்சு நம் தெருக்களுக்கு வரும்போது அது எல்லாப் பிள்ளைகள் மீதும் ஒரே மாதிரி விழாது. பையனிடமிருந்து போனைப் பிடுங்கினால் நண்பனின் போனில் பார்ப்பான். பெண்ணிடமிருந்து பிடுங்கினால் அதோடு அவள் படிப்புக்கான வழியும் தோழிகளும் போய்விடும். அவளுடைய படத்தை யாரோ எடுத்து மாற்றி, ஃபேக் ஐடியில் போட்டுவிட்டால் என்ன நடக்கிறது? முதலில் போன் போகிறது. அடுத்து பள்ளிக்கூடம் நிற்கிறது. அதற்கடுத்து மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியைகளுக்கு இந்த வரிசை தெரியும். தவறு செய்தவன் வெளியே திரிகிறான், தண்டனை அவளுக்கு.

மிரட்டுகிறவனுடைய மூலதனமே இந்த அச்சம்தான். வீட்டில் சொல்லிவிடுவேன் என்ற ஒரே சொல்லை வைத்துப் பணமும் படமும் கேட்கிறான். சொன்னாலும் வீட்டில் ஒன்றும் ஆகாது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அவன் மிரட்டல் அன்றோடு செத்துவிடும். ஆகவே தாய்மார்களை, தந்தையரை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: எதுவும் நடப்பதற்கு முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். "உனக்கு எது நேர்ந்தாலும் என்னிடம் சொல்லு. போனைப் பிடுங்க மாட்டேன், பள்ளிக்கூடத்தை நிறுத்த மாட்டேன்." சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும்.

சட்டம் அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் இணையவழித் தொல்லைக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தின் கீழ் பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ யாரும் வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்க அவளைக் காவல் நிலையத்துக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து எழுதிக்கொள்ள வேண்டும். இது காவல்துறை செய்யும் சலுகை இல்லை, அவளுடைய உரிமை.

மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள், திரைப்பிடி எடுத்துவையுங்கள். பிறகு அந்தக் கணக்கைப் புகார் செய்யுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். பணம் போயிருந்தால் உடனே 1930. தேசியச் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் தரலாம். 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் பரவும் அச்சம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். மனம் சோர்ந்த பிள்ளைக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

6. சட்டம் வரும்வரை

பாலாற்றுத் தீர்ப்பில் இன்னொரு பாடமும் இருக்கிறது, கசப்பான பாடம். 1996-இல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு, பொதுச் சுத்திகரிப்பு நிலையம், உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு எல்லாம் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுப் பகுதியின் தோல் கழிவைப் பற்றி மறுபடியும் விரிவான தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. முதல் தீர்ப்பு வந்த நாளில் பிறந்த குழந்தைக்கு இரண்டாம் தீர்ப்பின்போது 28 வயது நிறைந்துவிட்டது. அந்தக் குழந்தையின் குழந்தைப் பருவம் முழுவதும் வழக்குக் காலத்திலேயே கழிந்துவிட்டது.

செல்பேசி விஷயத்திலும் பிள்ளைப் பருவம் காத்திருக்காது. பொறுப்பு நிறுவனத்துடையது என்று அழுத்திச் சொன்ன நானே, அதுவரை நாம் செய்ய வேண்டியவற்றையும் சொல்கிறேன். இவை காவல் வேலை இல்லை, துணை நிற்கும் வேலை.

வீட்டில்: 13 வயது ஆகாத பிள்ளைக்குத் தனிக் கணக்கு வேண்டாம். யூடியூப் கட்டாயம் வேண்டுமென்றால் பிள்ளைக்கென்று ஒரு கூகுள் கணக்கை உண்மையான பிறந்த ஆண்டோடு தொடங்கி, ஃபேமிலி லிங்க் செயலியில் உங்கள் கணக்கோடு இணையுங்கள். அமைக்கத் தெரியாவிட்டால் கல்லூரியில் படிக்கும் அக்காள் மகளைக் கூப்பிடுங்கள். ரீசார்ஜ் கடையில் போனைக் கொடுத்துக் கணக்கு ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். உங்கள் கடவுச்சொல் அங்கே தங்கிவிடும். 13-ஐத் தாண்டிய பிள்ளையின் கணக்கில் ஆண்டு பொய்யாக இருந்தால் திட்டாமல், அவளோடு உட்கார்ந்து திருத்துங்கள்.

பள்ளியில்: வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் எண்ணுக்கு அனுப்புங்கள், கரும்பலகையிலும் எழுதுங்கள். வாட்ஸ்அப் இல்லாத பிள்ளை பின்தங்கக் கூடாது. மாணவிகள் ஆடும் நடனத்தையும், மதிப்பெண்ணோடு சேர்த்து முகத்தையும் ரீல்ஸாகப் போடும் வழக்கம் தனியார் பள்ளிகளிலும் டியூஷன் நிலையங்களிலும் பெருகிவிட்டது. பிள்ளைக்கு வயது ஆகவில்லை, கணக்கு வைக்காதே என்று சொல்லும் பள்ளியே அந்தப் பிள்ளையின் முகத்தை ஊருக்குக் காட்டுவது முறையா? இதை நிறுத்த வேண்டும்.

தொழிற்சாலையில்: இந்தப் பகுதியின் ஷூ கம்பெனிகளில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளி விடும் நேரத்துக்கும் அம்மா வீடு சேரும் நேரத்துக்கும் இடையே உள்ள சில மணி நேரம்தான் பிள்ளைக்குப் போன் மட்டும் துணையாக இருக்கும் நேரம். அந்த இடைவெளியை உண்டாக்கியது வேலை நேரம். அதை ஓரளவேனும் ஈடுசெய்யும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு. பள்ளி விட்டதும் பிள்ளையோடு பேச அம்மாவுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். பாலியல் தொல்லைத் தடுப்புக்குப் பயிற்சி நடத்துகிறீர்கள் அல்லவா, அதே கூடத்தில் இணையப் பாதுகாப்புக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தமிழிலும் உருதுவிலும் நடத்துங்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவருக்கும் புரியும்படி போனைக் கையில் கொடுத்தே சொல்லிக்கொடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் யாரும் இந்தக் கோடுகளைப் போடவில்லை. உங்கள் பார்வையை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கலாம் என்று கணக்குப் போட்டே அந்தத் தளங்களை வடிவமைத்திருக்கிறார்கள். வீட்டில் இந்த விவரம் எல்லாம் தெரிந்தவர் பெரும்பாலும் நீங்கள்தான். தம்பிக்கும் தங்கைக்கும் ஐடி தொடங்கிக் கொடுப்பவர்களும் நீங்கள்தான். அடுத்த முறை அவர்கள் கேட்கும்போது 1999 என்று போட்டுக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர்களே, இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அதன் கணக்கில் பிறந்த ஆண்டு என்னவென்று இருவரும் சேர்ந்து பாருங்கள். தவறாக இருந்தால் அங்கேயே மாற்றுங்கள். மாற்ற முடியாமல் நிறுவனம் தடுத்தால், பிள்ளையின் உண்மை வயதைச் சொல்லி எழுத்தில் புகார் செய்யுங்கள். அந்தப் புகாரின் நகலை இந்தக் கல்லூரியின் சமூகப்பணித் துறையில் கொடுங்கள். நூறு புகார்கள் சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு அரசிடமும், தேவைப்பட்டால் நீதிமன்றத்திடமும் போக நான் உங்களோடு வருகிறேன்.